வகுப்பில் பேச்சு கூடியது, படிப்பு கூடியதா?

கடலூரில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் வணிகவியல் துறையில் வேலை பார்க்கும் உதவிப் பேராசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சென்ற ஜூனில் இரண்டாம் ஆண்டு பி.காம். பாடத்திட்டத்தில் இரண்டு தாள்களை மாற்றினோம். வாரம் இரண்டு பீரியட் குழு விவாதம், மாதம் ஒரு கேஸ் ஸ்டடி, இன்டர்னல் 25-இல் 10 மதிப்பெண் குழுவேலைக்கு. இது பலன் தந்ததா என்று ஐ.க்யூ.ஏ.சி.யில் (கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவு) அறிக்கை கேட்கிறார்கள். அடுத்த ஆண்டு எல்லாத் தாள்களுக்கும் கொண்டுபோகப் போகிறார்களாம். வகுப்பில் 60 பேர். மாணவர் ஃபீட்பேக் சராசரி 5-க்கு 4.4. தேர்ச்சி 72 சதவீதத்திலிருந்து 78 ஆகியிருக்கிறது. இது போதுமா ஐயா?”

போதாது. ஆனால் இதைவிட நல்ல தரவு உங்கள் கல்லூரிக்குள்ளேயே கிடக்கிறது, சி.ஓ.இ. எனப்படும் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் ஆபீஸ் அலமாரியில் கட்டுக் கட்டாக. அதற்கு அப்புறம் வருகிறேன். நான் புதுச்சேரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். காமர்ஸ் உதாரணங்களைப் பக்கத்து வீட்டு அக்கவுண்டன்டிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 72-உம் 78-உம். 60 பேர் வகுப்பில் 43 பேர் தேறிய இடத்தில் இப்போது 47 பேர் தேறியிருக்கிறார்கள். வித்தியாசம் நான்கே பேர். முந்தைய பேட்ச்சில் நாலு பேர் கல்யாணம், வேலை, டெங்கு என்று தேர்வைத் தவறவிட்டிருந்தாலே இந்த ஆறு சதவீதம் வந்துவிடும். அதோடு குழுவேலைக்கு 10 மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறீர்கள். குழுவேலைக்கு மார்க் போடும்போது நம் கை எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியாதா? ஏழுக்குக் கீழே இறங்கவே இறங்காது. தேர்ச்சி விகிதம் கூடியதில் படிப்பு எவ்வளவு, நம் தாராளம் எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. அதனால் இன்டர்னலை முழுக்க ஒதுக்கிவிட்டு, எக்ஸ்டர்னல் 75-க்கு வாங்கிய மதிப்பெண்ணை மட்டும் எடுத்து இரண்டு பேட்ச்சையும் ஒப்பிடுங்கள். அங்கேயும் அவசரம் கூடாது. மதிப்பெண்களின் திட்ட விலக்கம், அதாவது சராசரியைச் சுற்றி அவை சிதறிக் கிடக்கும் அளவு, 12 என்று வைத்துக்கொள்வோம். தலா 60 பேர் உள்ள இரண்டு பேட்ச்களின் சராசரி வித்தியாசத்துக்குத் திட்டப் பிழை சுமார் 2.2 வரும். அதாவது எதையுமே மாற்றாமல் இருந்திருந்தாலும் அதில் இரண்டு மடங்கு, நாலு, நாலரை மதிப்பெண் அப்படி இப்படி ஆடக்கூடும். மூன்று மதிப்பெண் ஏறியிருந்தால் சந்தோஷப்படலாம், ஆதாரம் என்று அறிக்கையில் எழுத முடியாது.

அடுத்தது 4.4. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசி கல்லூரிகளில் மதிப்பீடு இந்தப் படிவத்தோடு முடிந்துவிடுகிறது. 2019-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்பில் லூயி டெலோரியே குழுவினர் ஒரு சோதனை செய்து பி.என்.ஏ.எஸ். இதழில் வெளியிட்டார்கள். மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மெருகான விரிவுரை. இன்னொரு பாதி அதே பாடத்தைச் சிறு குழுக்களாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் போராடியது. அடுத்த தலைப்புக்கு இரண்டையும் மாற்றிப் போட்டார்கள். தேர்வு வைத்தபோது போராடியவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் “எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள்” என்று கேட்டபோது விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் என்றார்கள். தடையில்லாமல் ஓடும் விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும், தானே மல்லுக்கட்டும்போது ஒன்றுமே புரியாத மாதிரி இருக்கும். இரண்டும் பொய்த் தோற்றம். ஃபீட்பேக் குறைந்தால் முறை தோற்றது என்றும் அர்த்தமில்லை, கூடினால் ஜெயித்தது என்றும் இல்லை.

நம் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். கம்ப்யூட்டர் லேபில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் நின்றுகொண்டு, “நாக் டீம் வரப் போகுது, பார்த்து நல்லா போடுங்கப்பா” என்று கல்லூரிக்குத் தரம் போட வரும் குழுவைக் காட்டிச் சொன்ன பிறகு நிரப்பிய படிவத்தில் 4.4-க்குக் குறைந்தால்தான் ஆச்சரியம்.

என் கதையையே சொல்கிறேன். ஒரு வருடம் மின்னியல் பாடத்தை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து நடத்தினேன். வகுப்பு கலகலவென்று இருந்தது. படிவத்தில் எனக்கு நல்ல பெயர். செமஸ்டர் கடைசியில் குழு அறிக்கைகளை வீட்டில் உட்கார்ந்து புரட்டிய என் மனைவி, “இந்த மூணையும் ஒரே பொண்ணுதானே எழுதியிருக்கு?” என்றாள். மூன்று குழுக்களின் அறிக்கையிலும் ஒரே கையெழுத்து. ஒரு குழுவுக்கு அவள் உறுப்பினர், மற்ற இரண்டுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான் ஊடாட்டம், பிள்ளைகள் கலந்து பேசிக் கற்பது, என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரு பெண்ணின் இரவுத் தூக்கம். இத்தனைக்கும் நான் தினமும் அந்த வகுப்பில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அதனால்தான் மதிப்பீட்டை “பலன் உண்டா” என்ற கேள்வியில் தொடங்காதீர்கள் என்கிறேன். பாடத்திட்டம் மூன்று இடத்தில் இருக்கிறது. பாடத்திட்டக் குழுவான போர்டு ஆஃப் ஸ்டடீஸில் கையெழுத்தானது ஒன்று, வகுப்பில் நடந்தது ஒன்று, மாணவர் தலைக்குள் போய்ச் சேர்ந்தது ஒன்று. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவிலேயே பாதி காணாமல் போகும். வாரம் இரண்டு விவாத பீரியட் என்று ஏட்டில் இருக்கும். போர்ஷன் முடியவில்லை என்று அதில் பாதியை விரிவுரைக்கு எடுத்திருப்போம். மீதியில் ஒருவர் ஜெராக்ஸைப் பார்த்து செமினார் படிக்க, மற்றவர்கள் அடுத்த பீரியட் அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருப்பார்கள். நடக்காத ஒன்றுக்குப் பலன் தேடி என்ன பயன்?

நடந்ததா என்று பார்க்க ஒரு தாளும் கடிகாரமும் போதும். பி.எட். படித்தவர்களுக்கு ஃபிளாண்டர்ஸ் முறை நினைவிருக்கும்: மூன்று விநாடிக்கு ஒருமுறை, பத்து வகைகளில், யார் பேசுகிறார் என்று குறிப்பது. அதில் ஏழு வகை ஆசிரியர் பேச்சுக்கு, இரண்டுதான் மாணவர் பேச்சுக்கு, ஒன்று மௌனத்துக்கு. அது ஆசிரியர் முன்னால் நின்று பேசும் வகுப்புக்குச் செய்த தராசு, குழு விவாதத்துக்குப் பொருந்தாது. 2013-இல் வந்த கோபஸ் என்ற முறை இதைவிட எளிது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கட்டத்தில் டிக் போட வேண்டும். விரிவுரை, கேள்வி, குழுவாகப் பேசுவது, தனியாக யோசிப்பது, சும்மா காத்திருப்பது என்று இப்படி. 50 நிமிட பீரியடுக்கு 25 வரிசை. உங்கள் துறையில் ஒருவர் உங்கள் வகுப்பில், நீங்கள் அவர் வகுப்பில், செமஸ்டருக்கு நான்கு முறை சொல்லாமல் கொள்ளாமல் போய் உட்காருங்கள். சொல்லிவிட்டு வந்தால் அன்று நடக்கிற வகுப்பே வேறு, அது நமக்கே தெரியும்.

கூடவே வகுப்பின் இருக்கைப் படம் ஒன்றை வரைந்து, வாய் திறந்தவர் பெயருக்கு நேரே ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஏழெட்டுப் பேர் பெயருக்கு நேரே கோடுகள் குவியும், முப்பது பேர் பெயர் சுத்தமாக இருக்கும். “மாணவர் பங்கேற்பு அதிகரித்துள்ளது” என்று நாம் எழுதுவது அந்த ஏழெட்டுப் பேரைப் பார்த்துத்தான்.

கோடு விழாதவர் எல்லாரும் சும்மா இருக்கிறார் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். புதுச்சேரிக் கல்லூரிகளில் காரைக்கால், மாஹே, ஏனாம் பிள்ளைகளும் வந்து படிப்பார்கள். ஏனாமிலிருந்து வந்த இரண்டு பையன்கள் என் குழுவில் வாயே திறக்கவில்லை. பூஜ்யம் போட்டேன். பிறகு ஒருநாள் லேபுக்கு வெளியே அவர்கள் ஒருவருக்கொருவர் தெலுங்கில் மின்சுற்றுக்கான கிர்ச்சாஃப் விதியைப் பிளந்து கட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். குழுவில் பேச்சு தமிழில் ஓடியது, மார்க் ஆங்கிலத்தில் பேசினால் கிடைத்தது, அவர்கள் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டார்கள். உங்கள் வகுப்பில் தெலுங்கு இருக்காது. ஆனால் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் பாதிப் பேராவது இருப்பார்கள். விவாதம் எந்த மொழியில் என்று பாடத்திட்டத்தில் எழுதியிருக்கிறீர்களா? எழுதாவிட்டால் ஆங்கிலம் தெரிந்தவர்களின் மேடையாக அது தானே மாறிவிடும். மௌனத்துக்குக் காரணம் மொழியா, பாடமா, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரா என்று கண்டுபிடிப்பதும் மதிப்பீட்டில் சேர்த்திதான்.

இனி முக்கியமான இடம்: பேசியதால் ஏதாவது புரிந்ததா? இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி எரிக் மசூரிடமிருந்து தொடங்குகிறது. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்தவர். அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டார்கள், ஆனால் ஒரு லாரியும் காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்பது போன்ற எளிய கேள்வியில் தடுமாறினார்கள். 1991-இல் அவர் முறையை மாற்றினார். ஒரு கேள்வி, முதலில் தனியாகப் பதில், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், மறுபடி பதில். முதல் சுற்றில் 30-லிருந்து 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால்தான் விவாதம் வேலை செய்யும் என்பது அவர் அனுபவம். எல்லாருக்கும் தெரிந்தால் பேச ஒன்றுமில்லை, யாருக்கும் தெரியாவிட்டால் குருடனுக்குக் குருடன் வழிகாட்டிய கதை.

இரண்டாம் சுற்றில் சரியான பதில் கூடுகிறதே, அது புரிந்ததாலா, கெட்டிக்காரியைப் பார்த்துக் கையைத் தூக்கியதாலா? உங்களுக்கும் இதே சந்தேகம் வரும். கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பில் மிஷெல் ஸ்மித் குழுவினர் இதைச் சோதித்து 2009-இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். விவாதம் முடிந்ததும், விடையைச் சொல்லாமலே, அதே கருத்தை வேறு உடையில் கேட்கும் இன்னொரு கேள்வியைக் கொடுத்துத் தனியாகப் பதில் வாங்கினார்கள். அதிலும் சரியான பதில் கூடியிருந்தது. குழுவில் ஒருவருக்குமே முதலில் விடை தெரியாத இடங்களிலும் பேசிப் பேசித் தெளிந்தவர்கள் இருந்தார்கள் என்று அவர்களின் கணக்கு காட்டியது.

இதை நீங்கள் செய்ய கிளிக்கர் கருவி எதுவும் வேண்டாம், மூன்று நிறத்தில் துண்டுச் சீட்டு போதும். கூடுதல் உற்பத்திக்கு ஆகும் செலவை மட்டும் பார்க்கும் மார்ஜினல் காஸ்டிங்கில் ஒரு கேள்வி: பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் யூனிட். மாத வாடகை 30,000 ரூபாய். மாதம் 1,000 கிலோ உடைக்கிறார்கள். கொட்டை, கூலி எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 600 ரூபாய். வாடகையைப் பங்கிட்டால் அடக்கம் 630. வெளியூர் வியாபாரி ஒருவர் கூடுதலாக 100 கிலோவை 615 ரூபாய்க்குக் கேட்கிறார். இடமும் ஆளும் சும்மா இருக்கிறது. ஆர்டரை எடுக்கலாமா? சூத்திரம் மட்டும் படித்தவர் கிலோவுக்கு 15 ரூபாய் நஷ்டம் என்பார். வாடகை எப்படியும் போகப் போகிறது, ஆகவே 1,500 ரூபாய் லாபம் என்பவருக்குத்தான் பாடம் புரிந்திருக்கிறது. வெள்ளைச் சீட்டில் தனியாக ஒரு பதில், ஐந்து நிமிட விவாதம், மஞ்சள் சீட்டில் மறுபடி. பிறகு விடை சொல்லாமல் முதுநகர் ஐஸ் ஃபேக்டரியை வைத்து இதே மாதிரி ஒரு கேள்வி, நீலச் சீட்டில் தனியாக. வெள்ளைக்கும் நீலத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பேச்சு சம்பாதித்தது. செமஸ்டருக்கு எட்டுப் பத்து முறை இதைச் செய்தால், 4.4 போன்ற நூறு எண்களைவிட உறுதியான ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

இதோடு செமஸ்டர் முதல் வாரத்தில் ஒரு முன்தேர்வும் கடைசியில் அதே பின்தேர்வும் வையுங்கள். கணக்கே போடவேண்டாத, கருத்தை மட்டும் சோதிக்கும் பன்னிரண்டு கேள்விகள். இயற்பியலில் ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி என்று ஆயத்தமாக ஒன்று 1992 முதல் இருக்கிறது. காமர்ஸுக்கு நீங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கும். ஏற்றத்தை வெறும் கழித்தலாகப் பார்க்காமல், ஏறுவதற்கு மிச்சமிருந்த இடத்தில் எவ்வளவு ஏறினார்கள் என்று பாருங்கள். 40-லிருந்து 58-க்குப் போனவர் மிச்சமிருந்த 60-இல் 18 ஏறியிருக்கிறார், 0.30. எழுபதிலிருந்து 79-க்குப் போனவரும் 30-இல் 9, அதே 0.30. ரிச்சர்ட் ஹேக் 1998-இல் இந்த அளவுகோலால் 62 வகுப்புகளின் 6,500-க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பார்த்தார். மரபான விரிவுரை வகுப்புகளின் சராசரி 0.23, ஊடாட்ட வகுப்புகளின் சராசரி 0.48.

2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 225 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் இதே திசைதான்: தோல்வி விகிதம் விரிவுரையில் 33.8 சதவீதம், மாணவர்கள் தாமே பேசியும் செய்தும் கற்கும் செயல்வழி வகுப்புகளில் 21.8. இந்த எண்களை அறிக்கையின் முன்னுரையில் போடலாம், தப்பில்லை. ஆனால் முடிவுரையில் கொண்டுபோய் வைக்காதீர்கள். அங்கே பலித்தது என்பது இங்கே நடந்ததற்குச் சாட்சி ஆகாது. அவை எல்லாமே அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் வேறு.

யாரோடு ஒப்பிடுவது என்பது அடுத்த தலைவலி. அரசுக் கலைக் கல்லூரி நண்பர்கள் முதல் ஷிப்டுக்குப் புதுமுறை, இரண்டாம் ஷிப்டுக்குப் பழைய முறை, ஒப்பிட்டுவிடலாம் என்று ஆசையாகச் சொல்வார்கள். ஷிப்ட் மாறினால் ஆளே மாறிவிடுகிறார். சேர்க்கை மதிப்பெண் வேறு, காலையில் கடையில் வேலை பார்த்துவிட்டு மத்தியானம் வருகிறவர்கள் வேறு. உங்களிடம் ‘ஏ’, ‘பி’ என இரண்டு செக்‌ஷன் இருந்து, அவை பெயர் வரிசையில் பிரித்தவை என்றால் ஓரளவு நம்பலாம். ஒரே ஆசிரியர் இரண்டுக்கும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் முறையை ஒப்பிடுகிறோமா, ஆசிரியரை ஒப்பிடுகிறோமா என்றே தெரியாது. பாதியில் மாற்றிப் போடுவதும் நல்ல வழி: முதல் இரண்டு யூனிட் ‘ஏ’-வுக்கு விவாதம், அடுத்த இரண்டு யூனிட் ‘பி’-க்கு. யாருக்கும் அநியாயம் இல்லை.

ஒருபோதும் செய்யக்கூடாதது, நம் கடற்கரையில், ஒற்றைப்படை செமஸ்டரையும் இரட்டைப்படை செமஸ்டரையும் ஒப்பிடுவது. அக்டோபர், நவம்பரில் எத்தனை நாள் மழை விடுமுறை என்று கலெக்டருக்கே முன்கூட்டித் தெரியாது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தேர்வு தள்ளிப்போகும், வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிள்ளைக்கு நோட்டே இருக்காது. அந்த செமஸ்டரின் எண்ணை டிசம்பருக்குப் பிந்தைய செமஸ்டரோடு ஒப்பிட்டு “புதுமுறையால் முன்னேற்றம்” என்று எழுதினால், வெயில் அடித்ததற்குப் பாடத்திட்டம் பெயர் வாங்கிக்கொண்டதாக ஆகும்.

இப்போது சி.ஓ.இ. அலமாரி. உங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி, விடைத்தாள்கள் உங்கள் வளாகத்திலேயே இருக்கும். பழைய கட்டுகளை எடைக்குப் போடுவதற்குள் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இரண்டு ஆண்டு வினாத்தாள்களிலும் வரையறை கேட்கும் கேள்விகளையும் யோசிக்கவைக்கும் கேள்விகளையும் தனித்தனியே பிரியுங்கள். யோசிக்கவைக்கும் கேள்வியே தாளில் இல்லையென்றால், குழு விவாதத்தின் பலன் அந்தத் தேர்வில் தெரிய வாய்ப்பே கிடையாது. அதுவே ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு, அறிக்கையில் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கற்பித்தலை மாற்றிவிட்டு வினாத்தாளை அப்படியே விட்டால், மாணவர்கள் மூன்றாம் வாரமே கண்டுபிடித்துவிடுவார்கள், விவாத பீரியடில் கைடு படிக்கத் தொடங்குவார்கள். யோசிக்கவைக்கும் கேள்விகள் இருந்தால், ஒவ்வொரு ஆண்டிலும் முப்பது தாள் எடுத்து, எந்த ஆண்டு என்று தெரியாதபடி மறைத்து, வேறு ஒருவரைத் திருத்தச் சொல்லுங்கள். சென்ற ஆண்டைப் பற்றி இனி நீங்கள் பெறக்கூடிய நேர்மையான சான்று இது ஒன்றுதான்.

கடைசியாக, யாருக்குப் பலன் என்பது. சராசரியை மட்டும் பார்த்தால் இது மறைந்துவிடும். எல்லி தியோபால்ட் குழுவினர் 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், அமெரிக்காவில் பின்தங்கிய சமூகங்களிலிருந்து வந்த மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த தேர்வு மதிப்பெண் இடைவெளி செயல்வழி வகுப்புகளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆனால் அரைகுறையாகச் செய்த இடங்களில் அப்படிக் குறையவில்லை, வகுப்பு நேரத்தில் பெரும்பகுதியை இதற்குக் கொடுத்த இடங்களில்தான் குறைந்தது. ஆகவே உங்கள் எண்களை வீட்டில் முதல் பட்டதாரி, தமிழ் மீடியம், ஆண் பெண் என்று பிரித்துப் பாருங்கள். மேலே இருந்த பத்துப் பேர் இன்னும் மேலே போய், கீழே இருந்தவர்கள் அங்கேயே நின்று, சராசரி கூடியிருந்தால் அதை நான் வெற்றி என்று சொல்லமாட்டேன்.

இதற்கு ஒரு சின்ன கருவி: “பாடத்தில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பீர்கள், மூன்று பெயர் எழுதுங்கள்.” செமஸ்டர் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை. அம்புக்குறி போட்டு வரைந்தால் வகுப்பு கண்ணுக்குத் தெரியும். நான் முதன்முறை வரைந்தபோது அது பஸ் ரூட் மேப் மாதிரி இருந்தது. பாகூர் பஸ்ஸில் வருகிறவர்கள் தங்களுக்குள், வில்லியனூர் பஸ் தங்களுக்குள். உங்களுக்கு நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, முதுநகர் என்று வரும். அதற்குள் சாதிக் கோடும் மறைந்திருக்கும், சொல்லவேண்டியதில்லை. குழு பிரிக்கும்போது “நீங்களே சேர்ந்துக்கோங்க” என்று விட்டால் இதே படம்தான் குழுவாக உட்காரும். கடைசிப் படத்தில் ரூட் தாண்டிய அம்புகள் கூடியிருக்கின்றனவா, யார் பெயரிலும் ஓர் அம்புகூட விழாத பிள்ளைகள் குறைந்திருக்கிறார்களா என்று எண்ணுங்கள். அந்தத் தாளைப் பெயரோடு யாருக்கும் காட்டக்கூடாது, எண் மட்டும் போட்டுப் பூட்டி வையுங்கள். ஸ்டாஃப் ரூம் மேசையில் கிடந்தால் விபரீதம்.

அறிக்கையில் என்ன எழுத? “சென்ற ஆண்டுத் தரவை வைத்துப் பலன் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது, விடைத்தாள் ஒப்பீடு இன்னதைக் காட்டுகிறது” என்று எழுதுங்கள். பிரின்சிபாலுக்குப் பிடிக்காதுதான். அடுத்த ஆண்டு எல்லாத் தாளுக்கும் விரிக்கும் முன் இரண்டு செக்‌ஷனில் ஒரே தாளில் ஒரு வருடம் பார்க்க அனுமதி கேளுங்கள். குழுவேலையின் 10 மதிப்பெண்ணை 5 ஆக்கி, அந்த ஐந்தையும் நீலச் சீட்டுபோல் தனியாக எழுதுவதற்குக் கொடுங்கள், கையெழுத்துக் கதை உங்களுக்கு நடக்காது.

மறந்துவிடாதீர்கள், முன்தேர்வும் மூன்று பெயர்ச் சீட்டும் கல்லூரி திறந்த முதல் வாரமே வாங்கியாக வேண்டும். ஜூலை பாதியில் நினைவு வந்து வாங்கினால் அது முன்தேர்வு ஆகாது. பன்னிரண்டு கேள்விகளை எழுதியதும் அனுப்புங்கள், பக்கத்து வீட்டு அக்கவுண்டன்டை உட்காரவைத்துப் பார்க்கிறேன். அவருக்கே மூன்று தப்பினால் கேள்வித்தாள் சரியாக இருக்கிறது.